எண்பது ஆண்டுக் கோடு: இங்கிலாந்தில் பிளாட் லீஸை நீட்டிப்பதன் கணக்கு

கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி அமைப்புகளின் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தவர்கள் தாம் குடியிருக்கும் வீட்டையே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று 1980-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் வழிசெய்தபோது, தனி வீடு வாங்கியவருக்குப் பொதுவாக நிலமும் சேர்ந்து கிடைத்தது. பிளாட் வாங்கியவருக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் 125 ஆண்டு லீஸ். வாங்கிய தலைமுறைக்கு அந்தக் காலவரம்பு ஒரு பொருட்டாகவே பட்டிருக்காது. ஆனால் 1981-இல் தொடங்கிய அத்தகைய லீஸ் ஒன்றில் 2026-இல் எஞ்சியிருப்பது 80 ஆண்டுகள்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்று நடைமுறையில் உள்ள சட்டப்படி, எஞ்சிய காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்வரை லீஸை நீட்டிக்க ஒரு விலை. அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிய மறுநாளே வேறொரு விலை. லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற பகுதிகளில் பிளாட் வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது எட்ட நின்று படிக்கும் செய்தி அன்று.

தமிழ்நாட்டில் பெருந்தொகை கொடுத்து வீட்டை லீசுக்கு எடுத்து, காலம் முடிந்ததும் அந்தத் தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. இங்கே முழு விலை கொடுத்து, வங்கிக் கடன் எடுத்து, முத்திரைத் தீர்வை கட்டி வாங்கியவர்தான் லீஸ்ஹோல்டர். அவர் பிளாட்டை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் கட்டடமும் அது நிற்கும் மண்ணும் ஃப்ரீஹோல்டருக்கு உரியவை. லீஸ் காலம் முடியும் நாளில் பிளாட்டும் ஒரு பைசா இழப்பீடு இல்லாமல் அவரிடமே போய்ச் சேரும். குடியிருப்பவரை உடனடியாகத் தெருவில் நிறுத்திவிட முடியாதபடி 1989-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஓரளவு காப்பளித்தாலும், அதன் பிறகு அவர் சந்தை வாடகை கட்டும் வாடகைதாரர் மட்டுமே. இங்கிலாந்தில் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் இப்படிப்பட்ட லீஸின் கீழ் இருக்கின்றன. எல்லைக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் இந்த முறை ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதை நினைத்தால், இது தவிர்க்கமுடியாத ஏற்பாடு என்று சொல்பவர்களின் வாதம் அவ்வளவு வலுவாகத் தோன்றுவதில்லை.

முதலில் செய்யவேண்டியது எஞ்சிய ஆண்டுகளைச் சரியாக எண்ணுவது. அதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பிளாட்டை வாங்கிய தேதிக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பே இல்லை. லீஸ் எப்போது தொடங்கியது என்பதே கேள்வி. அரசின் சொத்துப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டுகள் கட்டினால் கிடைக்கும் பதிவு நகலில் லீஸின் தேதி, காலம், தரப்பினர் என்று மூன்று குறிப்புகள் இருக்கும். அவற்றில் 'காலம்' என்ற இடத்தில் '99 ஆண்டுகள், 1985 மார்ச் 25 முதல்' என்பதுபோல எழுதியிருந்தால், பத்திரம் கையெழுத்தானது 1987-ஆகவே இருந்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்கியது 1985-இல். முன்னாள் கவுன்சில் பிளாட்டுகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு கட்டடத்தில் முதல் பிளாட் 1982-இல் 125 ஆண்டுக்கு விற்கப்பட்டிருந்தால், பிறகு விற்கப்படும் பிளாட்டுகளின் லீஸும் அதே நாளில் முடியுமாறு எழுத கவுன்சிலுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே அதே கட்டடத்தில் 1999-இல் கவுன்சிலிடமிருந்து வாங்கியவர் தம்மிடம் 125 ஆண்டு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கலாம். அவருடைய லீஸும் 2107-இலேயே முடிகிறது, அவர் வாங்கியது உண்மையில் 108 ஆண்டுகள்தான் என்பது பத்திரத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

லண்டனின் மேற்குப் பகுதி நிலங்களைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் கிராஸ்வெனர், கடோகன் போன்ற எஸ்டேட்டுகள் நிலத்தை விற்காமல், கட்டடம் கட்டுபவர்களுக்கு நீண்ட கால லீஸில் விட்டு, காலம் முடிந்ததும் கட்டடத்தோடு திரும்பப் பெற்றுக்கொண்ட வழக்கத்திலிருந்து வளர்ந்தது இந்த முறை. நாடாளுமன்றம் இதில் முதலில் உறுதியாகக் கைவைத்தது 1967-இல். அந்தச் சட்டம் தனி வீடுகளின் லீஸ்ஹோல்டர்களுக்கு நிலத்தையே வாங்கிக்கொள்ளும் உரிமையை அளித்தது. கிராஸ்வெனர் எஸ்டேட்டுக்கு உரிய வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் அறங்காவலர்கள் இதைச் சொத்துரிமைப் பறிப்பு என்று சொல்லி ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 1986-இல் தோற்றார்கள். பிளாட்டுகளின் முறை வந்தது 1993-இல், அதுவும் கன்சர்வேட்டிவ் ஆட்சியிலேயே. அந்தச் சட்டத்தின் மீதான கோபத்தில் அன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு கட்சியைவிட்டே வெளியேறினார். அவ்வளவு பெரிய நில உடைமையாளரைக் கோபப்படுத்திய சட்டம் சாதாரண பிளாட்காரருக்கு என்ன கொடுத்தது என்பதே இங்கு நாம் பார்க்கவேண்டியது.

21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு எழுதப்பட்ட லீஸை வைத்திருப்பவர் எவரும், எஞ்சிய காலத்தோடு மேலும் 90 ஆண்டுகளைச் சேர்த்துப் புதிய லீஸ் கேட்கலாம். சட்டத்தில் சொல்லப்பட்ட சில விலக்குகள் தவிர, ஃப்ரீஹோல்டர் மறுக்க முடியாது. ஃப்ரீஹோல்டருக்கு ஆண்டுதோறும் கட்டும் நில வாடகையான கிரவுண்ட் ரென்ட் புதிய லீஸில் ஒரு மிளகு, அதாவது பூஜ்யம். பதிலுக்கு லீஸ்ஹோல்டர் பிரீமியம் என்னும் ஒரு தொகையைத் தரவேண்டும். அது எவ்வளவு என்பதைச் சட்டத்தின் 13-ஆம் அட்டவணை தீர்மானிக்கிறது.

அந்தத் தொகை மூன்று பகுதிகளால் ஆனது. ஃப்ரீஹோல்டர் இனி பெறப்போகாத கிரவுண்ட் ரென்ட்டின் இன்றைய மதிப்பு ஒன்று. லீஸ் முடிந்ததும் பிளாட் அவர் கைக்கு வந்திருக்கும், அது 90 ஆண்டுகள் தள்ளிப்போகிறதே என்பதற்கான ஈடு இரண்டாவது. மூன்றாவதுதான் மேரேஜ் வேல்யூ என்று வழங்கும் இணைப்பு மதிப்பு: குறைந்த ஆண்டுகளே எஞ்சிய லீஸின் மதிப்பையும் ஃப்ரீஹோல்டரின் பங்கின் மதிப்பையும் தனித்தனியே கூட்டினால் வருவதைவிட, நீட்டித்த லீஸுள்ள பிளாட்டின் மதிப்பு அதிகமாக இருக்கும், அந்த அதிகப்படியில் சரிபாதி ஃப்ரீஹோல்டருக்கு. எஞ்சிய காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் இந்த மூன்றாம் பகுதி பூஜ்யம் என்று 2002-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வகுத்தது. கோடு பிறந்தது அங்கேதான்.

எண்களை வைத்துப் பார்த்தால் இதன் கடுமை புரியும். நீண்ட லீஸ் இருந்தால் 3,00,000 பவுண்டு பெறக்கூடிய ஒரு பிளாட், ஆண்டுக்கு 100 பவுண்டு மாறாத கிரவுண்ட் ரென்ட் என்று வைத்துக்கொள்வோம். கிரவுண்ட் ரென்ட்டை 7 விழுக்காட்டிலும், எதிர்காலத்தில் திரும்பிவரும் பிளாட்டின் மதிப்பை 5 விழுக்காட்டிலும் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவோம். 81 ஆண்டுகள் எஞ்சியிருந்தால் கிரவுண்ட் ரென்ட்டுக்கு ஏறத்தாழ 1,420 பவுண்டு, திரும்பிவரும் உரிமைக்கு ஏறத்தாழ 5,700 பவுண்டு, ஆக மொத்தம் 7,100 பவுண்டு அளவில் கணக்கு முடிந்துவிடும். அதே பிளாட்டில் 79 ஆண்டுகளே எஞ்சியிருந்தால் முதல் இரண்டு பகுதிகளும் சேர்ந்து 7,700 பவுண்டுதான் ஆகின்றன. ஆனால் இப்போது மேரேஜ் வேல்யூ உள்ளே நுழைகிறது. 79 ஆண்டு லீஸுள்ள பிளாட்டின் மதிப்பு நீண்ட லீஸ் மதிப்பில் 90 விழுக்காடு என்று கொண்டால், அதில் ஃப்ரீஹோல்டரின் பாதி மட்டும் 11,150 பவுண்டு, மொத்தம் 18,850. இரண்டு ஆண்டுத் தாமதத்தின் விலை 11,000 பவுண்டுக்கு மேல். 65 ஆண்டுகளுக்கு இறங்கி, மதிப்பு விகிதம் 83 விழுக்காடாகக் குறைந்தால் மொத்தம் 32,000 பவுண்டைத் தாண்டும். 70 ஆண்டுகளுக்குக் கீழே இறங்கிய லீஸ் என்றால் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்குவதால், அந்த நிலையில் பிளாட்டை விற்பதும் கடினமாகிவிடும்.

மேலே போட்ட கணக்கில் இரண்டு எண்கள் ஊகம்போலத் தோன்றலாம். 5 விழுக்காடு ஊகம் அன்று: கடோகன் எதிர் ஸ்போர்ட்டெல்லி வழக்கில் 2006-இல் நிலத் தீர்ப்பாயம் வீடுகளுக்கு 4.75, பிளாட்டுகளுக்கு 5 என்று வகுத்தது. மேல்முறையீடுகளைத் தாண்டி அந்த எண் நிலைத்து, இன்றுவரை பெரும்பாலான கணக்குகளின் அடித்தளமாக இருக்கிறது. ஆனால் குறுகிய லீஸின் மதிப்பு நீண்ட லீஸின் மதிப்பில் எத்தனை விழுக்காடு என்பதில்தான் சொத்தை மதிப்பிடும் இரு தரப்புச் சர்வேயர்களும் மோதிக்கொள்கிறார்கள். இதற்கென்று வரைபடங்கள் பல உண்டு. ஃப்ரீஹோல்டரின் சர்வேயர் விகிதத்தைக் குறைத்துக் காட்டும் வரைபடத்தை நீட்டுவார். லீஸ்ஹோல்டரின் சர்வேயர் கூட்டிக் காட்டுவதைத் தேடுவார். லீஸ்ஹோல்டர்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கக்கூடிய ஒரு புள்ளியியல் மாதிரியை மண்டி என்பவரின் வழக்கில் 2016-இல் மேல் தீர்ப்பாயமும் 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்க மறுத்துவிட்டன. 80 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவருக்கு இந்தச் சண்டையே தேவையில்லை என்பதுதான் அந்தக் கோட்டின் இன்னொரு சலுகை.

சமையலறையைப் புதுப்பித்தேன், அதனால் விலை கூடிவிடுமே என்று சிலர் அஞ்சுவதுண்டு. லீஸ்ஹோல்டர் தம் செலவில் செய்த மேம்பாட்டால் கூடிய மதிப்பைக் கணக்கிலிருந்து விலக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வெறும் பழுதுபார்ப்பு வேறு.

நடைமுறைக்கு வருவோம். எல்லாம் தொடங்குவது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி புதிய லீஸ் கேட்கும் நோட்டீஸில். இந்த நோட்டீஸ் ஃப்ரீஹோல்டரிடம் சேர்ப்பிக்கப்படும் நாளே மதிப்பீட்டு நாள். பேச்சுவார்த்தை ஓராண்டு இழுத்தாலும், தீர்ப்பாயம் வரை போனாலும், எஞ்சிய காலம் அந்த நாளில் என்னவோ அதுதான் கணக்கு. 80 ஆண்டும் பத்து நாளும் எஞ்சியிருக்கும்போது சேர்ப்பித்த நோட்டீஸ், பேச்சு முடியும் வேளையில் லீஸ் 79-க்கு இறங்கியிருந்தாலும் மேரேஜ் வேல்யூவைத் தடுத்துவிடும். சரியாக 80 என்பது போதாது, 80-க்கு மேல் இருக்கவேண்டும். ஆகவே அந்தக் கோட்டை நெருங்குபவருக்கு அவசரம் பேரத்தை முடிப்பதில் இல்லை. நோட்டீஸைப் பிழையில்லாமல் உரியவரிடம் சேர்ப்பதில்தான்.

பிழையில்லாமல் என்பதைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். நோட்டீஸில் லீஸ்ஹோல்டர் தாம் தர முன்வரும் தொகையைக் குறிப்பிடவேண்டும். பேரத்தில் குறைவாகத் தொடங்குவது இயல்புதான் என்றாலும், விளையாட்டான தொகை நோட்டீஸையே செல்லாததாக்கிவிடும். வெறும் 100 பவுண்டு என்று எழுதிய ஒருவரின் நோட்டீஸ் 1990-களின் இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வீழ்ந்தது. ஃப்ரீஹோல்டருக்கும் பிளாட்காரருக்கும் இடையே இன்னொரு இடைநிலை லீஸ்காரர் இருக்கும் கட்டடங்களில், சட்டப்படி யாரிடம் கேட்பது என்பதே ஆராய்ந்து அறியவேண்டிய விஷயம். இந்த வேலைக்கு வீடு விற்பனைப் பத்திரம் எழுதும் சொலிசிட்டர் எல்லோரும் பொருந்தமாட்டார்கள். லீஸ் நீட்டிப்பையே தொழிலாகச் செய்பவரையும், அந்தப் பகுதித் தீர்ப்பாய முடிவுகளை அறிந்த சர்வேயரையும் தேடுவது பணத்தை வீணாக்குவது ஆகாது. அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனைச் சேவை தொடக்க விளக்கங்களை இலவசமாகவே தருகிறது.

நோட்டீஸ் கிடைத்தபின் பதில் நோட்டீஸ் அனுப்ப ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தரவேண்டும். முன்பணமாக 250 பவுண்டு அல்லது முன்வைத்த பிரீமியத்தில் பத்தில் ஒரு பங்கு, எது கூடுதலோ அதை அவர் கேட்டுப் பெறலாம். குறித்த நாளுக்குள் அவர் பதில் அனுப்பத் தவறினால், நோட்டீஸில் எழுதிய விலையிலேயே புதிய லீஸ் கேட்டு லீஸ்ஹோல்டர் கவுண்டி நீதிமன்றம் செல்லலாம். இது அரிதாகவே நிகழ்ந்தாலும், ஃப்ரீஹோல்டர்களின் வழக்கறிஞர்கள் நாட்காட்டியை உற்றுப் பார்ப்பது இதனால்தான். பதில் வந்து விலையில் உடன்பாடு இல்லையென்றால், அந்தப் பதில் வந்த இரண்டு மாதத்துக்குப் பின், ஆறு மாதத்துக்குள், இங்கிலாந்தில் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டால் நோட்டீஸ் விலக்கிக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும். அடுத்த நோட்டீஸுக்கு ஓராண்டு காத்திருக்கவேண்டும். அதற்குள் 80 ஆண்டுக் கோட்டைத் தாண்டியிருந்தால் முதல் நோட்டீஸால் கிடைத்த காப்பு போயே போய்விடும். தம் சொலிசிட்டர், சர்வேயர் செலவோடு ஃப்ரீஹோல்டரின் நியாயமான சட்டச் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் லீஸ்ஹோல்டரே ஏற்கவேண்டும் என்பதும் இன்றைய விதி. கேட்பவனே இரண்டு பக்கச் செலவையும் சுமப்பது முறையா என்ற கேள்வி நெடுங்காலமாகவே இருந்துவருகிறது.

சட்டவழியை விட்டு, ஃப்ரீஹோல்டரோடு நேரடியாகப் பேசி முடிப்பதும் உண்டு. விரைவாக முடியும், செலவு குறையும், சிலசமயம் விலையும் குறையும். ஆனால் அப்படி வரும் கடிதங்களைக் கவனமாகப் படிக்கவேண்டும். சட்டம் தருவது எஞ்சிய காலத்தோடு கூடுதலாக 90 ஆண்டுகள். கடிதமோ மொத்தக் காலத்தை 99-க்கோ 125-க்கோ உயர்த்துவதாக மட்டும் சொல்லும். 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த கிரவுண்ட் ரென்ட் சட்டத்தால் நீட்டித்த பகுதிக்கு வாடகை வாங்க முடியாது. பழைய லீஸின் எஞ்சிய காலத்துக்குப் பழைய வாடகையைத் தொடர்வதற்கு மட்டும் தடையில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வாடகை விதி பழைய லீஸில் இருந்தால், அது இன்னும் எத்தனை முறை இரட்டிப்பாகும் என்று எண்ணிப் பார்த்துவிட்டே கையெழுத்திடவேண்டும். மேலும், நேரடிப் பேச்சு நடக்கும்போது கடிகாரம் நிற்பதில்லை. கோட்டை நெருங்கும் ஒருவரிடம் மாதக்கணக்கில் இன்முகத்தோடு பேசிக்கொண்டிருப்பதே ஃப்ரீஹோல்டருக்கு லாபம்.

இப்போது எல்லோரும் கேட்பது, காத்திருக்கலாமா என்பது. 2024 மே 24 அன்று அரச ஒப்புதல் பெற்ற லீஸ்ஹோல்டு மற்றும் ஃப்ரீஹோல்டு சீர்திருத்தச் சட்டம் 90 ஆண்டை 990 ஆண்டாக்குகிறது, மேரேஜ் வேல்யூவை ஒழிக்கிறது, கணக்கில் சேர்க்கும் கிரவுண்ட் ரென்ட்டுக்குப் பிளாட் மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று உச்சவரம்பு வைக்கிறது, பெரும்பாலான நிலைகளில் அவரவர் செலவை அவரவரே ஏற்கச் சொல்கிறது. இவற்றில் மதிப்பீட்டைத் தொடும் பிரிவுகள் இதை எழுதும் வேளையில் நடைமுறைக்கு வரவில்லை. பெரிய எஸ்டேட்டுகள் உள்ளிட்ட ஃப்ரீஹோல்டர்கள் தொடுத்த வழக்கை 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது ஒரு பெரிய தடை விலகியது உண்மை. ஆயினும் சட்டத்தில் உள்ள சில குறைகளை இன்னொரு சட்டத்தால் திருத்தியாக வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது.

செய்தித் தலைப்புகள் மேரேஜ் வேல்யூவோடு நின்றுவிடுகின்றன. புதிய முறையில் கழிவு விகிதத்தை அமைச்சரே விதிகளால் நிர்ணயிப்பார் என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. நம் எடுத்துக்காட்டில் 81 ஆண்டு எஞ்சிய பிளாட்டுக்கு 5 விழுக்காட்டுக்குப் பதில் 4 விழுக்காடு என்று வைத்துப் பார்த்தால், 7,100 பவுண்டாக இருந்த பிரீமியம் 13,900-ஐத் தொடும். ஒரு புள்ளி குறைந்ததற்கே இந்த ஏற்றம். 79 ஆண்டுக்காரருக்கு அதே 4 விழுக்காட்டில் 18,850 என்பது 15,000 அளவுக்கு இறங்கும். லாபம்தான், ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. விகிதம் 5-இலேயே நின்றால் அவர் 7,700-க்குச் சற்று மேலே முடித்துவிடலாம். எனவே புதிய சட்டம் எல்லோருக்கும் மலிவு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கோட்டுக்குக் கீழே ஏற்கெனவே இறங்கிவிட்டவர், விற்கும் எண்ணமோ கடனைப் புதுப்பிக்கும் தேவையோ இல்லாதவர், காத்திருப்பதில் நியாயம் உண்டு. 95, 100 ஆண்டு வைத்திருப்பவருக்கு எந்த அவசரமும் இல்லை. 81, 82 ஆண்டுகளில் நிற்பவர் சட்டத்தை நம்பிக் காத்திருப்பதை மட்டும் என்னால் பரிந்துரைக்க முடியாது. அவர் கையில் இருப்பது அளந்து சொல்லக்கூடிய ஒரு விலை, எதிரே இருப்பது தேதி குறிக்கப்படாத ஒரு வாக்குறுதி.

2024-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உடனே பயன் தந்த மாற்றம் ஒன்றும் உண்டு. பிளாட்டை வாங்கி இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே நோட்டீஸ் கொடுக்கலாம் என்ற விதி 2025 ஜனவரி 31 முதல் நீங்கிவிட்டது. ஆனாலும் நோட்டீஸ் கொடுப்பவரின் பெயர் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உரிமையாளராகப் பதிவாகியிருக்கவேண்டும். விற்பனை முடிந்து பதிவு ஏறுவதற்குச் சிலசமயம் மாதங்கள் ஆகின்றன. 80 ஆண்டுக்குச் சற்று மேலே நிற்கும் பிளாட்டை வாங்குபவர் இந்த இடைவெளியிலேயே கோட்டைத் தாண்டிவிடக்கூடும். அதனால், விற்பவரே நோட்டீஸைச் சேர்ப்பித்து, விற்பனை முடியும் அதே வேளையில் அதன் பயனை வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கும் பழைய வழக்கத்தை இன்றும் சொலிசிட்டர்கள் கைவிடவில்லை. விலை பேசும்போதே இதை நிபந்தனையாக வைத்துவிடவேண்டும். ஒப்பந்தங்கள் கைமாறிய பிறகு கேட்டால் விற்பவர் இணங்கவேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை.